அந்தப் பெட்டியை வாங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றித்தான். ரோல்பிளேயிங் விளையாட்டுக்கான சாகசங்கள் டீலக்ஸ் பதிப்பாக வருகின்றனவே, அந்த விலை கொடுத்து வாங்கலாமா என்று கேட்கிறார்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்தப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். நான்கைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாக மாறிப் பேசி, பகடை உருட்டி ஆடும் ஆட்டம் இது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த வகை ஆட்டங்களில் ஒன்று. நடத்துபவர் கேம் மாஸ்டர். அவர் கையில் இருக்கும் ஆயத்தக் கதையைத்தான் சாகசம் என்கிறோம். இடங்கள், ஆட்கள், ஆபத்துகள், வரைபடங்கள் எல்லாம் அதில் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக நான் மேஜையின் அந்தப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

‘மூன்று வருடமாக ஐந்து நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன். அடுத்து நடத்த நினைக்கும் சாகசம் சாதாரணப் புத்தகமாகவும் கிடைக்கிறது. வரைபடம், கடிதம், நாணயம், மோதிரம் என்று எல்லாம் வைத்த பெரிய பெட்டியாகவும் கிடைக்கிறது. பெட்டியின் விலை புத்தகத்தைப் போலப் பத்து மடங்கு. “ரெண்டுலயும் கதை ஒண்ணுதானே” என்கிறான் நண்பன். எனக்கு ஆசை விடவில்லை. என்ன செய்யட்டும்?’

எந்தத் தேதியில் ஆட்டத்தைத் தொடங்கப் போகிறீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள். தேதி இருந்தால் மேலே பேசலாம். ‘எப்போதாவது’ என்றால் சாதாரணப் புத்தகமே போதும். அதைக்கூட ஆட்டம் முடிவானபின் வாங்கலாம்.

தேதி இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன். அடுத்ததாக, பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு குறிப்பு எழுதுங்கள். இது விளையாடுகிறவர்கள் கைக்குப் போகுமா, என் கைக்கு உதவுமா, இல்லை அலமாரியில் நிற்குமா? இந்தப் பெட்டிகளை எடை போட எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். ஏன் என்று சொல்கிறேன்.

‘மாஸ்க்ஸ் ஆஃப் நயார்லதோடெப்’ என்றொரு சாகசம். ‘கால் ஆஃப் கதுலு’ என்ற திகில் ரோல்பிளேயிங் ஆட்டத்துக்காக 1984இல் வந்தது. 2018இல் திருத்தி, விரித்து, இரண்டு தடித்த தொகுதிகளாக மறுபடி போட்டார்கள். 1925ஆம் ஆண்டில் நியூயார்க்கில் தொடங்கி லண்டன், கெய்ரோ, கென்யா, ஷாங்காய் என்று உலகைச் சுற்றும் கதை. தொடக்கத்திலேயே ஒரு விடுதி அறையில் சில பொருட்கள் கிடைக்கும். அதில் ஒன்று ஷாங்காய் மதுக்கடை ஒன்றின் பெயர் போட்ட தீப்பெட்டி. கதை ஆரம்பத்தில் வருவதால் இதைச் சொல்வதில் தப்பில்லை.

அதை நடத்தியபோது, ஒரு காலித் தீப்பெட்டியை எடுத்து, அந்தக் கடையின் பெயரை அச்சிட்டு ஒட்டி, உள்ளே நான்கு குச்சிகளைப் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கட்டம் வந்ததும் ஒன்றும் பேசாமல் மேஜையில் தள்ளினேன். ஒருத்தி எடுத்தாள். குலுக்கினாள். இழுத்துத் திறந்து குச்சிகளை எண்ணினாள். உள்தட்டை உருவி, வெளிக்கூட்டை விளக்கருகே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். அடிப்பக்கத்தில் நகத்தால் சுரண்டினாள். மற்ற மூன்று பேரும் எழுந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். நான் வாயால் வர்ணித்திருந்தால் ‘சரி, தீப்பெட்டி’ என்று குறித்துக்கொண்டு அடுத்த பொருளுக்குப் போயிருப்பார்கள். பல மாதம் கழித்து ஷாங்காய்க்குக் கப்பல் ஏறும் நாள் வந்தபோது, அவள் பையிலிருந்து அந்தத் தீப்பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். அதுவரை அது அவளிடமே இருந்திருக்கிறது.

அந்தச் சாகசத்துக்கு ஹெச். பி. லவ்கிராஃப்ட் ஹிஸ்டாரிக்கல் சொசைட்டி என்ற அமைப்பு, தந்திகளும் செய்தித்தாள் நறுக்குகளும் கடிதங்களும் தீப்பெட்டியும் அடங்கிய ஒரு தொகுப்பைத் தனியாகவே தயாரித்தது. அதுவும் விலை கூடியதுதான். ஆனால் அதில் உள்ளவற்றில் ஏறக்குறைய எல்லாமே விளையாடுபவர் கைக்குப் போகிறவை. துப்பறியும் கதையில் ஒரு காகிதம் கையில் இருந்தால்தான் ‘இந்தத் தேதியும் அந்தத் தேதியும் ஒத்துப்போகவில்லையே’ என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். அப்படிப்பட்ட சாகசத்துக்குப் பணம் போடத் தயங்காதீர்கள்.

இது புதிதாகக் கிளம்பிய வழக்கமும் இல்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் எழுதிய ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ சாகசம் 1978இல் வந்தபோது, கதை எழுதிய பக்கங்களோடு படங்கள் மட்டும் அடங்கிய தனிப் புத்தகம் ஒன்றும் சேர்ந்தே வந்தது. குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் அந்தப் படத்தைத் தூக்கி விளையாடுபவர்களிடம் காட்ட வேண்டும். வாயைப் பிளந்து நிற்கும் பச்சைப் பிசாசு முகத்தின் படம் அதில்தான் இருக்கிறது. அந்த வாய்க்குள் என்ன இருக்கிறது என்று இங்கே சொல்ல மாட்டேன், இனிமேல் விளையாடப் போகிறவர்கள் இதைப் படிக்கலாம். மெலிதான புத்தகம், கறுப்பு வெள்ளைப் படங்கள், தங்கப் பூச்சு ஒன்றும் கிடையாது. அப்படியிருந்தும் எல்லோரும் மேஜைமேல் குனிந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இனி, உங்கள் கைக்கு உதவுபவை. பட்டியலில் இவை பின்னால் இருக்கும், விளம்பரத்தில் இவற்றுக்குப் படமே இருக்காது. ஆனால் நடத்துகிறவருக்கு இவைதான் மூச்சு விட இடம் தருபவை. ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ என்ற சாகசம் 2016இல் கெட்டி அட்டைப் புத்தகமாக வந்தது. 2020இல் சவப்பெட்டி வடிவப் பெட்டியில் மறுபடி வந்தது. பெட்டியின் வடிவத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்குப் பிடித்தது வேறு. அரக்கர்களின் விவரங்களைத் தனிச் சிறு புத்தகமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். சண்டை நடக்கும்போது அறையின் விவரம் ஒரு பக்கத்தில், அரக்கனின் விவரம் இருநூறு பக்கம் தள்ளி என்றால், நடுவில் விரலை வைத்துக்கொண்டு புரட்டிப் புரட்டியே ஆட்டம் ஆறிப்போகும். இரண்டு புத்தகத்தை அருகருகே விரித்து வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. ரோமானி மக்களை நினைவூட்டும் ஒரு கூட்டத்தைச் சித்திரித்த விதத்தில் இருந்த குறைகளையும் அந்தப் பதிப்பில் திருத்தினார்கள். அதுவும் மதிப்புள்ள மாற்றம்தான்.

பீடில் அண்ட் கிரிம்ஸ் என்ற நிறுவனம் 2018இல் ‘வாட்டர்டீப்: டிராகன் ஹெய்ஸ்ட்’ சாகசத்துக்குப் பிளாட்டினம் பதிப்பு கொண்டுவந்ததிலிருந்துதான் இந்தப் பெரும் பெட்டிகள் பரவலாகப் பேசப்பட்டன. பெரிய புத்தகத்தைப் பல மெல்லிய புத்தகங்களாகப் பிரித்துத் தருவது அவர்கள் வழக்கம். இன்னொன்றும் செய்கிறார்கள். நடத்துபவர் முன்னால் மறைப்பாக நிற்கும் ஸ்கிரீன் மேல் மாட்டும்படி அட்டைகள் தருகிறார்கள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு அரக்கனின் படம் தெரியும், உங்கள் பக்கம் அதன் பலத்தைச் சொல்லும் எண்கள் தெரியும். யோசித்தவர் கட்டாயம் பல இரவு நடத்திப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

உலோக நாணயம், மோதிரம் எல்லாம்? ஒரு மோதிரம் கதையில் உண்மையாகவே கை மாறுகிறது என்றால் அது இருக்கட்டும். வெறும் அலங்காரமாக வருகிற நாணயப் பை முதல் நாள் எல்லோர் கையிலும் சுற்றும். மூன்றாம் வாரம் அதை யாரும் தேட மாட்டார்கள்.

வரைபடத்தை மட்டும் வாங்கும் முன்பே நன்றாகப் பாருங்கள். இதில் நான் பட்ட அனுபவம் இன்னும் ஆறவில்லை. ஒரு பெரிய பெட்டி வாங்கினேன், யார் வெளியிட்டது என்று சொல்லப் போவதில்லை. உள்ளே துணியில் அச்சிட்ட கோட்டை வரைபடம், மேஜையை முழுதாக மூடும் அளவு. விரித்துப் பார்த்தால், ரகசியக் கதவுகள் எல்லாம் குறியிட்டுத் தெளிவாக அச்சாகியிருந்தன. பொறி இருக்கும் இடத்திலெல்லாம் எண். நடத்துபவர் மட்டும் பார்க்க வேண்டிய படத்தை அப்படியே பெரிதாக்கி அச்சிட்டிருந்தார்கள். இதை நான் யாரிடம் காட்டுவது? இரண்டு மாலைகள் உட்கார்ந்து, ஒவ்வொரு குறியின் மீதும் அதே நிறக் காகிதத் துண்டு வெட்டி ஒட்டினேன். ஆட்டத்தன்று வரைபடத்தை விரித்த ஐந்தாவது நிமிடம், ஒருவன் விரலால் தடவிப் பார்த்து “இந்தச் சுவத்துல என்னமோ ஒட்டியிருக்கே, இங்க தேடலாம்” என்றான். அவன்மேல் தப்பில்லை. அதனால்தான் சொல்கிறேன். ‘விளையாடுபவருக்கான வரைபடம்’ என்று தனியாகச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால் அந்த வரைபடத்துக்கு மதிப்பு பூஜ்யம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

உங்கள் நண்பர் சொன்னதற்கும் பதில் சொல்ல வேண்டும். கதை ஒன்றுதான், அவர் சொல்வது சரி. அதோடு, விதிப்புத்தகத்தை வாரா வாரம் வருடக்கணக்கில் புரட்டுவீர்கள். சாகசத்தையோ ஒரு குழுவோடு ஒருமுறைதான் நடத்த முடியும், ரகசியம் தெரிந்த பிறகு அதே ஆட்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. அதனால் நீளத்தைப் பாருங்கள். மூன்று நாளில் முடிகிற சாகசத்துக்குப் பத்து மடங்கு கொடுப்பது வீண். நான் சொன்ன உலகம் சுற்றும் கதை எங்களுக்கு ஒரு மாதம் குறைய இரண்டு வருடம் ஓடியது. உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் ‘அவர்கள் கைக்கு’, ‘என் கைக்கு’ என்று விழுந்து, கதையும் ஒரு வருடத்துக்குக் குறையாமல் ஓடும் என்றால், வாங்குங்கள்.

‘மேடம், ஆசை ஆசையாக ஒரு டீலக்ஸ் பெட்டி வாங்கி இரண்டு வருடமாகிறது. கடிதங்களில் அரக்கு முத்திரை வைத்து மூடியிருக்கிறார்கள். அதை உடைக்க மனசு வரவில்லை. சாகசத்தையும் இன்னும் நடத்தவில்லை. இது எனக்கு மட்டும்தானா?’

உங்களுக்கு மட்டும் இல்லை. என்னிடம் தோல் அட்டை போட்ட ஒரு பதிப்பு இருந்தது. பக்க ஓரங்களில் பொன்முலாம், இரண்டு பட்டு நாடா, உள்ளட்டையில் வண்ண வரைபடம். அதை மேஜைக்கு எடுத்துப் போகப் பயந்து, பிடிஎஃப் கோப்பிலிருந்து தேவையான பக்கங்களை அச்சிட்டு ஒரு ஃபைலில் போட்டு அதை வைத்துத்தான் முழுச் சாகசத்தையும் நடத்தினேன். எட்டு மாதம். கடைசி நாளில் ஃபைல் முழுக்கப் பென்சில் குறிப்புகள். யார் எங்கே செத்தார்கள், எந்தக் காவல்காரனுக்கு அவசரத்தில் என்ன பெயர் வைத்தேன் எல்லாம் அதில் இருந்தது. தோல் புத்தகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதை எடுத்துப் பார்க்கும்போது எனக்கு அந்த எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட ஞாபகம் வரவில்லை. அந்த ஃபைலைத்தான் இன்றுவரை வைத்திருக்கிறேன். புத்தகத்தை, அழகான புத்தகங்களைச் சேர்க்கும் ஒரு சிநேகிதிக்குக் கொடுத்துவிட்டேன். அவளிடம் அது நன்றாக இருக்கிறது.

அரக்கு முத்திரை விஷயத்துக்கு வருகிறேன். அதைச் செய்தவர்கள் உடைப்பதற்காகவே செய்திருக்கிறார்கள். ஆனால் உடைக்க வேண்டியது நீங்கள் இல்லை, அதனால்தான் உங்களுக்கு மனசு வரவில்லை என்று நினைக்கிறேன். கதையில் எந்தப் பாத்திரத்துக்கு அந்தக் கடிதம் வருகிறதோ அந்த விளையாட்டுக்காரர் கையில் மூடியபடியே கொடுங்கள். கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். கட்டைவிரலை மடிப்புக்குக் கீழே நுழைத்து, ஒரு நொடி தயங்கி மற்றவர்களைப் பார்ப்பார்கள். “உடைக்கட்டுமா?” என்று கேட்பார்கள். ‘டக்’ என்று அரக்கு உடையும் சத்தத்துக்கு மேஜை முழுக்க அமைதியாகிவிடும். சிவப்புத் துணுக்குகள் மேஜைமேல் சிதறும். நான் அப்படி ஒரு கடிதம் கொடுத்த அன்று, திறந்தவன் உள்ளே இருந்ததை மௌனமாகப் படித்து முடித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு “ஒண்ணுமில்ல” என்றான். அடுத்த ஒரு மணி நேரம் மற்றவர்கள் அவனைக் குடைந்தெடுத்தார்கள். நான் பகடையைத் தொடவே இல்லை.

கடிதம் போய்விடுமே என்று கவலையாக இருந்தால், வேறு குழுவுக்காக அதன் படியைப் பிடிஎஃப் கோப்பிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல வெளியீட்டாளர்கள் கொடுக்கிறார்கள். முத்திரைக்கு அரக்கும் அச்சும் எழுதுபொருள் விற்கும் இடங்களில் கிடைக்கும். முதல் குழுவுக்கு அசலையே கொடுங்கள்.

‘எண்ணிக்கை குறைவாக அச்சிட்ட பதிப்புகள் பின்னால் நல்ல விலைக்குப் போகும் என்கிறார்களே, முதலீடாக வாங்கி வைக்கலாமா?’

வேண்டாம். பிரிக்காத பெட்டிக்குத்தான் அந்த விலை. பிரித்து ஒரு காகிதம் காணாமல் போனால் அதிலேயே பாதி இறங்கும். பிரிக்காமல் பத்து வருடம் ஈரமும் பூச்சியும் படாமல் காப்பது தனி வேலை. அதே சாகசத்தை மறுபடி அச்சிட்டுவிட்டால் விலையும் போச்சு. விளையாட்டுக்காக வாங்கியதில் விளையாடவும் இல்லை, லாபமும் இல்லை என்று எழுதியவர்களின் கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன.

‘தோல் அட்டை, பொன்முலாம் பதிப்புகளில் உள்ளே ஒன்றும் மாறுவதில்லையே? பைண்டிங்காவது நன்றாக இருக்குமா?’

பெரும்பாலும் உள்ளே அதே பக்கங்கள்தான். பைண்டிங் நன்றாக இருக்கும் என்றும் விலையை வைத்து நம்ப முடியாது. புத்தகத்தின் முதுகை மேலிருந்து பாருங்கள். மடித்த காகிதக் கட்டுகள் சின்னச் சின்ன வளைவுகளாக வரிசையாகத் தெரிந்து, நடுவே விரித்தால் நூல் தையலும் தெரிந்தால் நல்ல வேலை. மேஜையில் விரித்து வைத்தால் தானாகவே படுத்திருக்கும். முதுகு நேர்கோடாக, பசை மட்டும் போட்டு ஒட்டியிருந்தால், நாலாவது மாதம் நீங்கள் அடிக்கடி திறக்கும் பக்கம் கையோடு வந்துவிடும். தோல் என்று போட்டிருப்பது பெரும்பாலும் தோல் தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திய தாள், அல்லது ரெக்ஸின் மாதிரியான ஒன்று. தோல் தூள் வகை காலப்போக்கில் உதிரும். மின்னும் எழுத்துகள் விரல் படப்பட மங்கும்.

வெளி அலங்காரத்தைவிட உள்ளே செய்த வேலையில்தான் ஒரு பதிப்பின் தரம் எனக்குத் தெரிகிறது. மான்டி குக் எழுதி 2006இல் வந்த ‘டோலஸ்’ (Ptolus) என்ற கற்பனை நகரத்தைப் பற்றிய புத்தகத்தைப் பாருங்கள். 672 பக்கம். ஒரு தெருவைப் பற்றிப் படிக்கும்போது, அங்கே வசிக்கிறவரைப் பற்றிய விவரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பக்க ஓரத்திலேயே குறிப்பு இருக்கும். விளையாடுபவர் ‘அந்தக் கோயில் யாருடையது?’ என்று கேட்ட மறுநிமிடம் பதில் சொல்லலாம். அதே மாதிரி, ‘ரைஸ் ஆஃப் தி ரூன்லார்ட்ஸ்’ 2007இல் தொடங்கி ஆறு பகுதிகளாக வந்த கதை. 2012இல் ஒரே கெட்டி அட்டைப் புத்தகமாகச் சேர்த்தபோது, புதிய விதிகளுக்கு ஏற்ப முழுக்கத் திருத்தினார்கள். இப்படி வருடக்கணக்கில் பலர் விளையாடியபின் வரும் ஆண்டு நிறைவுப் பதிப்புகளை நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன்.

விதிகள் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் பிறந்தது. 2000, 2008, 2014 என்று விதிகள் புதுப்பிக்கப்பட்டன, 2024இல் மறுபடி திருத்தம் வந்தது. சாகசத்தில் உள்ள எண்கள் அந்தந்தக் கால விதிக்குத்தான் பொருந்தும். அரக்கர் அட்டைகளுக்காக நிறையப் பணம் போடும் முன் இதை மனதில் வையுங்கள். கடிதம், படம், வரைபடம் இதற்கெல்லாம் விதி மாறினாலும் ஒன்றும் ஆகாது. 1978இன் அந்தப் பச்சை முகத்தை இன்றைக்கும் தூக்கிக் காட்டலாம்.

‘அக்கா, நான் கல்லூரியில் படிக்கிறேன். பெட்டியெல்லாம் வாங்க வழியே இல்லை. சாதாரணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அந்த மாதிரி அனுபவம் கொடுக்க முடியுமா?’

முடியும் தம்பி. நான் பாதிக்கு மேல் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

முதலில், புத்தகத்தில் வரும் எல்லாக் காகிதத்தையும் செய்யப் பார்க்காதே. ஒரு நாள் ஆட்டத்துக்கு ஒரே ஒரு பொருள் போதும். எது மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்கப்படுமோ அதைச் செய். கடிதம் என்றால் கையால் எழுது. ஆனால் உன் கையெழுத்தில் வேண்டாம், உன் நண்பர்களுக்கு உன் கையெழுத்து தெரியும். என் அக்கா சாய்த்துச் சாய்த்து, எழுத்துகளின் வாலை நீட்டி எழுதுவாள். ஒரு சூனியக்காரியின் கடிதத்தை அவளைக் கொண்டுதான் எழுதவைத்தேன். ஆறு மாதம் கழித்து, வேறொரு ஊரில், கையெழுத்தில்லாத ஒரு மிரட்டல் சீட்டை மேஜையில் வைத்தேன். அதையும் அவளைத்தான் எழுதச் சொல்லியிருந்தேன். முதலில் யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் ஒருவன் மெதுவாகப் பழைய கடிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். விலை உயர்ந்த பெட்டிகளில் கடிதங்கள் பெரும்பாலும் கணினி எழுத்துருவில் இருந்தால் இந்த ஒன்றை அவற்றால் தர முடிவதில்லை.

கெட்டிக் காகிதம் வாங்கு. எழுதியபின் எட்டாக மடித்து, பையில் ஒரு வாரம் போட்டுக்கொண்டு அலை. மடிப்பு தானாகப் பழசாகிவிடும்.

சீட்டுக்கட்டு வேண்டும் என்றால் அதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் இருவரும் எழுதிய ‘ரேவன்லாஃப்ட்’ 1983இல் வந்த 32 பக்கச் சாகசம். நான் மேலே சொன்ன சவப்பெட்டிக் கதையின் மூலம் அதுதான். அதில் ஒரு குறிசொல்லி சீட்டு எடுப்பாள். எந்தச் சீட்டு விழுகிறதோ அதைப் பொறுத்து, முக்கியமான ஆயுதம் கோட்டையில் எங்கே இருக்கிறது என்பதே மாறும். அதற்குச் சாதாரணச் சீட்டுக்கட்டையே பயன்படுத்தச் சொல்லியிருந்தார்கள். பிற்காலத்தில் 54 சீட்டுகள் கொண்ட தனிக்கட்டு அழகழகான படங்களோடு வந்தது. என்னிடமும் இருக்கிறது, பார்க்க ஆசையாக இருக்கும். ஆனாலும் நான் முதல் முறை அந்தக் கட்டத்தை நடத்தியது ஓரம் தேய்ந்த சாதாரணக் கட்டில்தான். சீட்டை மெதுவாகத் திருப்பத் தெரிந்தால் போதும்.

பணம் சேர்ந்தால் முதலில் ஒரு நல்ல வரைபடம் வாங்கு.

‘எங்கள் கேம் மாஸ்டர் அடுத்த கதைக்காகப் பெரிய பெட்டி வாங்க நினைக்கிறார். தன் கைக்காசையே போடுகிறார். நாங்கள் நான்கு பேர் பங்கு கொடுக்கலாமா? கொடுத்தால் பெட்டி யாருக்குச் சொந்தம்?’

கொடுங்கள். இந்தக் கேள்வியை விளையாடுகிறவர் ஒருவர் கேட்டதே எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. புத்தகம், ஸ்கிரீன், வரைபடம் எல்லாவற்றையும் நடத்துபவரே வாங்கி, ஆட்டத்துக்குத் தயார் செய்து, வீட்டையும் ஒழுங்குபடுத்துவார். மற்றவர்கள் பகடையோடு வந்து உட்காருவார்கள். பல குழுக்களில் இதுதான் நிலைமை. ஐந்து பேர் சேர்ந்து போட்டால் பத்து மடங்கு விலையும் ஆளுக்கு இரண்டு புத்தக விலைதான்.

பங்கு கொடுத்தபின் பெட்டியை யாரும் திறந்து பார்க்கக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள். ‘நானும்தானே பணம் போட்டேன்’ என்று ஒருவர் மேலோட்டமாக ஒரு வரைபடத்தைப் பார்த்தாலும் கதை கெட்டது. பெட்டி அவர் வீட்டுக்கே நேராக வரட்டும்.

யாருக்குச் சொந்தம் என்றால், எங்கள் குழுவில் செய்ததைச் சொல்கிறேன். புத்தகங்களும் ஸ்கிரீனும் நடத்துபவருக்கு. மீதியை, கதை முடிந்த அன்று மேஜையில் பரப்பி வைத்தோம். ஒவ்வொருவராக, தன் பாத்திரம் எதை வைத்திருக்குமோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்றேன். சண்டை வரும் என்று பயந்தேன், வரவில்லை. யாருக்கு எது என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. கோட்டை வரைபடத்தை, எப்போதும் முன்னால் நடந்து வழி பார்த்தவன் எடுத்தான். சட்டைப் பையில் கடிதத்தை ஒளித்தவன் அதை அப்போதுதான் வெளியே எடுத்தான். மற்றவர்கள் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தார்கள். படித்து முடித்து ஒருத்தி அவனை முதுகில் ஓங்கி அடித்தாள்.

உலோக நாணயங்கள் மட்டும் மேஜையிலேயே கிடந்தன. அதைக் கடைசியில் நான்தான் பையில் போட்டு முடிந்தேன்.